அம்மாவின் உரிமைத் தொகை அம்மா கைக்கே சேர என்ன செய்யலாம்?

கேள்வி: கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மெசேஜ், ஓடிபி எல்லாம் அண்ணன் போனுக்குப் போகின்றன. அம்மாவிடம் பட்டன் போன்தான். அவரே தன் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பட்டன் போன் ஒரு தடையே இல்லை, தேவை அம்மா பெயரிலேயே ஒரு சிம். மகன் பெயரில் எடுத்த சிம் தொலைந்தால், மாற்று சிம் வாங்கக்கூட அம்மா மகனைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஆதாரில் மாற்றினால் வங்கியிலும் மாறிவிடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். வங்கிக் கிளைக்கு பாஸ்புக், ஆதார் நகலோடு அம்மாவே நேரில் போகட்டும்.

இன்னொன்று: ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அதற்குத்தான் போகும். நகைக்கடனுக்கோ குழுக் கடனுக்கோ வேறு வங்கியில் கணக்கு தொடங்கும்போது, படிவத்தில் போடும் ஒரு கையெழுத்திலேயே இணைப்பு அங்கே மாறிவிடலாம். பழைய பாஸ்புக்கில் வரவு இல்லாததைப் பார்த்து 'பணம் நின்னுபோச்சு' என்று அலைவார்கள். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும்.

ஏமாந்து பணத்தை விடக்கூடிய இடம், ஊரில் வங்கி முகவர் ஆதார் ரேகை வாங்கிப் பணம் எடுத்துத் தரும் கைரேகை மிஷின். களை பறித்து, சாந்து சுமந்து தேய்ந்த விரலில் ரேகை எளிதில் விழாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, மிஷின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். 'விழல, இன்னொரு தடவ வைங்கம்மா' என்று முகவர் சொன்னால், முதல் முறை தோற்றதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிய பிறகே மறுபடி வைக்க வேண்டும். ரேகை விழுந்தும் விழவில்லை என்று சொல்லி இரண்டு முறை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ரசீதில் தொகை எங்கே, மீதி எங்கே என்று மட்டும் காட்டிக் கொடுங்கள், எண்கள் அவருக்குத் தெரியும். தெரியாமல் பணம் போயிருந்தால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசி, வங்கியிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏடிஎம் கார்டு இருந்தால், பட்டன் போனிலேயே *99# அழுத்தி ஒரு முறை ரகசிய எண் (PIN) அமைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே இருப்பு பார்க்கலாம். சில நேரம் பாதியில் அறுந்துபோகும், திரும்ப அழுத்தினால் வரும்.

சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். எண் முடங்கி வேறு யாருக்காவது போய்விட்டால், அம்மாவின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் வந்து நிற்கும்.