செருகினால் ஏறவில்லை, ஏறினால் கழலவில்லை: மின்கார் கேள்வி பதில்

கே: பேரங்காடியில் உள்ள டிசி (நேர்மின்னோட்ட) சார்ஜரில் பிளக்கைச் செருகினால், செயலி ‘தயாராகிறது’ என்கிறது, அரை நிமிடத்தில் ‘தோல்வி’ என்கிறது. மூன்று முறையும் அப்படியே. பழுது காரிலா, சார்ஜரிலா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

ப: பல நேரம் இரண்டிலும் இல்லை, பிளக் உட்கார்ந்த விதத்தில் இருக்கிறது. நம் ஊர் டிசி சார்ஜர்களில் பெரும்பாலும் இருப்பது சிசிஎஸ்2 பிளக். கீழே தடித்த இரண்டு துளைகள் மின்சாரத்துக்கு. மேலே வட்டப் பகுதியில் உள்ள சின்னத் தொடர்புகள் வழியாகத்தான் காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. கேபிளின் கனம் பிளக்கைக் கீழே இழுத்தால் மேல் தொடர்பு லேசாக விட்டுப்போகும். பேச்சு அறுந்தால் மின்சாரமும் வராது.

ஒரு கையால் கேபிளைக் கீழிருந்து தாங்கி, பிளக்கை நேராக முட்டும்வரை தள்ளுங்கள். காரின் பூட்டு ‘டக்’கென விழும். ஏற ஆரம்பிக்கும்வரை கையை எடுக்காதீர்கள்.

அடுத்தடுத்து செருகிப் பார்ப்பதில் பயனில்லை. செயலியில் முடித்து, பிளக்கைக் கழற்றி சார்ஜரிலேயே மாட்டிவிட்டு, காரைப் பூட்டி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பழைய முயற்சியை இரு பக்கமும் மறக்கவேண்டும். பிற்பகல் மழைக்குப் பிறகு என்றால் பிளக்கின் வாயைப் பாருங்கள். மின்சாரம் விடுமுன் சார்ஜர் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். உள்ளே ஈரமிருந்தால் அங்கேயே நின்றுவிடும். கவிழ்த்து உதறலாம், துணியோ விரலோ விடவேண்டாம்.

பக்கத்து சார்ஜரில் ஏறினால் உங்கள் கார்மேல் குற்றமில்லை. பழுதான சார்ஜரில் ஒட்டியிருக்கும் எண்ணைச் சொல்லி ஹாட்லைனை அழையுங்கள். தூரத்திலிருந்தே அதை அணைத்து, மீண்டும் போடுவார்கள். செயலி பிடித்துவைத்த பணம் திரும்ப நாளாகலாம். தோல்வித் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

கே: சார்ஜரில் 22 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. என் காருக்கு 7தான் ஏறுகிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, செந்தூல்

ப: இல்லை. 22 என்பது மூன்று ஃபேஸ், அதாவது மூன்று மின்கம்பி வழியாக வருவது, சேர்ந்த கணக்கு. இதுபோன்ற ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரில், காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான். ஒரு ஃபேஸ் மட்டும் வாங்கும் கார் என்றால் 230 வோல்ட், 32 ஆம்ப்: ஏறக்குறைய 7.4 கிலோவாட். யூனிட் கணக்கில் காசு வாங்கும் இடத்தில் கவலையில்லை. நிமிடக் கணக்கு என்றால் நட்டம் உங்களுக்குத்தான். வேறு இடம் பாருங்கள்.

கே: சார்ஜ் முடிந்தும் பிளக் வரமாட்டேன் என்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: வேண்டாம். அது புகை, தீப்பொறி வந்தால் அழுத்துவதற்கு. அழுத்தினால் சார்ஜரே நின்றுவிடும். அடுத்து வருபவர் உங்களை வாழ்த்தமாட்டார்.

பிளக்கைப் பிடித்திருப்பது காரின் பக்கமுள்ள சிறு பூட்டு முள். கேபிளின் கனம் அதன்மேல் அழுந்தினால் இறுகிக்கொள்ளும். செயலியில் நிறுத்துங்கள், காரைப் பூட்டித் திறவுங்கள். திறக்கும் அதே நொடியில் பிளக்கைச் சற்று தூக்கி உள்ளே தள்ளி, பிறகு இழுங்கள். சொந்த ஏசி கேபிள் என்றால் முதலில் கார்முனை, அப்புறம்தான் சார்ஜர்முனை. அப்படியும் வராவிட்டால், பல கார்களில் கையால் இழுத்து விடுவிக்க ஒரு கயிறு உண்டு. பின்பக்கச் சாமான் பெட்டியிலா, முன்பக்க பானட்டுக்கு அடியிலா என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டைப் பார்த்து, முன்கூட்டியே ஒருமுறை கண்டுபிடித்து வையுங்கள்.

கே: 80 விழுக்காட்டுக்குமேல் ஊர்ந்துபோகிறதே?
– வாசகர், பட்டர்வொர்த்

ப: பேட்டரியைக் காக்க கார்தான் வேகத்தைக் குறைக்கிறது. தீபாவளிக்கு ஊர் போகும்போது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் 80 ஆனதும் கழற்றிவிடுங்கள். பின்னால் வரிசை நிற்கும். சில இடங்களில் முடிந்தபின்னும் மாட்டியே வைத்தால் தனிக்கட்டணமும் உண்டு.