நஞ்சையில் கல் நட்டு விற்கும் மனையை வாங்கலாமா?

கேள்வி: மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தில் மனை பார்த்தோம். விலை மற்ற இடங்களில் பாதிதான். "டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வந்துவிடும். இப்போதைக்கு சென்ட் கணக்கில் விவசாய நிலமாகவே பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் புரோமோட்டர். ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்திருக்கிறோம். மீதியைக் கட்டலாமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்படிப்பட்ட மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது. இந்தத் தடையில் சிக்காமல் விற்கத்தான் சென்ட் கணக்கு. பத்திரம் பதிவாகலாம், ஆனால் நீங்கள் வாங்கியிருப்பது வயல். வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கேட்டுப் போகும்போதும் வங்கியில் கடன் கேட்கும்போதும் அது தெரியவரும். அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் 20.10.2016-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்கானது. புதிதாகக் கல் நட்ட இடத்துக்கு அது உதவாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை தண்ணீர். அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) கிடைக்கும். நஞ்சை என்று இருக்கிறதா, ஒட்டிய எண் வாய்க்கால் புறம்போக்கா என்று பாருங்கள். பிறகு அந்தப் படத்தோடு போய் மனையில் நில்லுங்கள். ஏரி மதகிலிருந்து வாய்க்கால் வரவேண்டிய இடத்தில் பல லேஅவுட்டுகளில் கிராவல் அடித்த ரோடுதான் இருக்கும். அடியில் ஒரு சிமென்ட் குழாய், அதிலும் பாதி மண். அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குப் பாசனம் அத்தோடு போச்சு. சில போகம் தரிசாகக் கிடந்தபின் அந்த விவசாயியும் வந்த விலைக்கு விற்றுவிடுவார். நல்ல நஞ்சை இப்படித்தான் ஊர் ஊராக அழிகிறது, நெஞ்சு பொறுக்கவில்லை. மழைக்காலத்தில் போக வழியில்லாத தண்ணீர் வீடுகளுக்குள் வரும். அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் மூழ்கியதை, தாம்பரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டோக்கனுக்கு வருவோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. ரெரா எண்ணை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதின் நகலோடு ரெராவில் புகார் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்: ரோடு, வடிகால் போட்டுத் தருவதாகச் சொல்லி மனை விற்பதும் சேவைதான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.