நடந்து வந்த தூது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிருஷ்ணன் தூது பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தபோது எழுந்த சந்தேகம் இது. நம் இலக்கியத்தில் தூதுக்கு ஏன் இவ்வளவு இடம்? வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்குகிறார். பிற்காலப் புலவர்கள் கிளியில் தொடங்கிப் பணம், புகையிலை வரை தூது விட்டிருக்கிறார்கள். அனுமன் ‘கண்டேன்’ என்ற சொல்லை முதலில் வைத்ததைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்காத பட்டிமன்றப் பேச்சாளர் இல்லை. யோசித்துப் பார்த்தால் தூதன் ஒரு தபால்காரன்தானே? செய்தி போக வேறு வழி இல்லாத காலத்தில் அவன் தேவைப்பட்டான். இன்று ஒரு நொடியில் வாட்ஸப்பில் போய்விடுகிறது. இந்தக் கதைகளில் இன்றைக்கு நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டில் அண்மையில் கல்யாணம் ஏதும் நடந்ததா? பத்திரிகையை வாட்ஸப்பில் எல்லோருக்கும் ஒரே தட்டலில் அனுப்பிவிடலாம். தேதி, முகூர்த்தம், மண்டபத்துக்கு வழி எல்லாம் அதிலேயே இருக்கும். ஆனாலும் வெயிலில் அலைந்து, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினால்தான் பெரியப்பா கிளம்புவார். இல்லாவிட்டால் “நேர்ல வந்து கூப்பிடலையே” என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணத் தேதி அவருக்கு நன்றாகவே தெரியும்.

பெரியப்பாவின் இந்தக் குறையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இன்னும் பெரிய அளவில் எழுதியிருக்கிறார். திருவாரூரில் மனைவி பரவை நாச்சியாரை விட்டுப் போன சிவனடியார் சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியை மணக்கிறார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து, அதை மீறிப் புறப்பட்டுக் கண்ணிழந்து, காஞ்சியில் ஒரு கண்ணிலும் ஆரூரில் மறு கண்ணிலும் பார்வை திரும்பப் பெறுகிறார். பரவையின் கதவு திறக்கவில்லை. சமாதானம் பேச ஆள் அனுப்புகிறார். இனி அவரைப் பற்றிப் பேசினால் உயிரை விடுவேன் என்கிறாள் அந்த அம்மாள். நள்ளிரவில் சுந்தரர் சிவனிடமே போய், நீர்தான் தூது போகவேண்டும் என்கிறார்.

சிவனும் போகிறார், அதுவும் கோயில் அர்ச்சகர் வேடத்தில். கதவைத் தட்டுகிறார், அவள் திறக்கிறாள், வந்த காரியத்தைச் சொல்கிறார். பரவை மறுத்துவிடுகிறாள். கிருஷ்ணன் தூதுபோலவே இங்கும் கடவுள் தூது போய்த் தோற்றுத் திரும்புகிறார். திரும்பி வந்தவரைச் சுந்தரர் விடுவதாக இல்லை. மறுபடியும் அதே தெரு, அதே வாசல், அதே செய்தி. இந்த முறை சொந்த வடிவில், பூதகணங்கள் சூழப் போகிறார். பரவை நடுங்கிப்போய்ச் சொல்லும் பதில்தான் இந்தக் கதையின் உயிர். ஒளி வளரும் அந்தச் சிவந்த பாதம் வருந்த, ஓர் இரவு முழுவதும் அடியாருக்காக அங்கும் இங்கும் அலைந்து, “எளிவருவீரும் ஆனால் என்செய்கேன் இசையாது” என்கிறாள். சுந்தரர் செய்தது சரி என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சங்கிலி விஷயத்தில் அவளுக்கு எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. நடந்து வந்த கால்களைப் பார்த்து இறங்கிவிட்டாள், அவ்வளவுதான். அது நியாயமா என்று கேட்டால் எனக்கும் தடுமாற்றம்தான். பரவையின் கோபத்துக்குப் பதிலே வரவில்லை என்று இன்றைய வாசகி ஒருத்தி சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஆனால் சேக்கிழார் இங்கே நிறுத்தவில்லை. செய்தி இன்னொரு சிவனடியாரான ஏயர்கோன் கலிக்காமருக்குப் போகிறது. அவர் கொதித்துப்போகிறார். பெண்ணிடம் தூது போகச் சொல்லி ஆண்டவனை அடியான் ஏவுவதா? அந்த ஆளைக் கண்ணால் பார்த்தாலே என்ன நடக்கும் என்று தெரியாது என்று பல்லைக் கடிக்கிறார். இருவரையும் சேர்த்துவைக்க சிவன் கலிக்காமருக்குச் சூலை நோயைக் கொடுத்து, வன்தொண்டன் (சுந்தரர்தான்) வந்தால்தான் தீரும் என்கிறார். அவன் கையால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். (பிறகு உயிர் பெற்று இருவரும் நண்பர்களாகிறார்கள்.) ஒரு தூது மரணம் வரை போகிறது. ஏன் இவ்வளவு ஆத்திரம்? தூது போவது ஏவலாள் வேலை. அதை எல்லோரும் அறிவார்கள். ‘தபால்காரன்’ என்று நீங்கள் எழுதியபோது உங்கள் மனதில் இருந்த அதே இளக்காரம்தான் கலிக்காமரின் கோபத்துக்கும் அடியில் இருக்கிறது.

அந்த ஏவலாளை நெருங்கிப் பார்த்தவர் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘ஆன்டிகனி’யில், புதைக்கக் கூடாது என்று மன்னன் கிரியோன் தடைபோட்ட பிணத்தின் மேல் யாரோ மண் தூவிவிடுகிறார்கள். இதை அரசனிடம் போய்ச் சொல்ல வேண்டும். யார் போவது? காவலர்கள் சீட்டுப் போடுகிறார்கள். விழுந்தவன் வருகிறான். விஷயத்துக்கு வராமல் தான் வந்த வழியைச் சொல்கிறான்: ரெண்டடி வைத்தேன், நின்றேன். முட்டாளே, போனால் தண்டனைதானே என்றது மனசு. போகாமல் இருந்து வேறொருவன் முந்திச் சொல்லிவிட்டால் என்றது மறுபடியும். இப்படியே குறுக்குவழி நெடுவழி ஆகிவிட்டது என்கிறான். எதிர்பார்த்தபடியே கிரியோன் அவன் காசு வாங்கியிருப்பான் என்று சந்தேகப்பட்டு, குற்றவாளியைப் பிடித்து வராவிட்டால் கட்டித் தொங்கவிடுவேன் என்று மிரட்டுகிறான். பின்னர் மண் தூவிய இளவரசி ஆன்டிகனியைப் பிடித்து இழுத்து வரும்போது அவனுக்கு வருத்தமும் இருக்கிறது, தன் தலை தப்பியதில் சந்தோஷமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறான். அரசர்களும் இளவரசிகளும் நிறைந்த அந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பழக்கமான ஆள் இவன்தான்.

நம் ஊர்களில் இவனுக்கு ஒப்பானவர் இழவு சொல்லப் போனவர். தொலைபேசி வராத காலத்தில் ஊரில் ஒரு சாவு விழுந்தால், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்த உறவினர்களுக்கு அதைச் சொல்லிவரும் வேலை தலித் மக்கள் தலையில் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. இரவென்றாலும் மழையென்றாலும் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வீட்டில் திண்ணையில்கூட உட்கார முடியாது. தெருவில் நின்று சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அந்த வேலையை இனிச் செய்யமாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு. தூதின் பெருமையைப் பேசும் பட்டிமன்றங்களில் இந்த நடையை யாரும் சேர்ப்பதில்லை.

அரசத் தூதரின் கதை வேறு. அவரைத் தொடக் கூடாது என்பது பழைய உலகில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு, இன்றைய கஜகஸ்தானில் இருக்கும் ஒத்ரார் ஒன்றே போதும். 1218இல் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகக் கூட்டத்தை அந்த ஊரின் ஆளுநர் கொன்றான். நியாயம் கேட்டுப் போன தூதர்களில் ஒருவரை, அந்தப் பகுதியை ஆண்ட பேரரசன் குவாரசம் ஷா கொன்று, மற்றவர்களின் தாடியை மழித்து அனுப்பினான். அடுத்த வருஷமே மங்கோலியப் படை வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பேரரசே இல்லை. “இறுதி பயப்பினும் எஞ்சாது” என்று வள்ளுவர் தூதரைப் பற்றிச் சொல்வதில் மிகை ஏதும் கிடையாது. உயிர் போகும் வேலைதான் அது.

அவ்வையார் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனபோதும் அதே ஆபத்து இருந்தது. அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். இதையே ஒரு படைத்தலைவன் சொல்லியிருந்தால் வாள் உருவப்பட்டிருக்கும். பாடிப் பிழைக்கும் ஒருத்தி சொன்னதால் அது புறநானூற்றில் 95ஆம் பாட்டு ஆனது.

அனுமனுக்கு வருகிறேன். ‘கண்டனென்’ என்ற சொல்லின் இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் கம்பன் எழுதியதைப் பாருங்கள். திரும்பி வந்த அனுமன் ராமனின் “மொய்கழல் தொழுகிலன்”. தலையும் கையும் சீதை இருக்கும் திசையை நோக்க, மண்ணில் நெடிது விழுந்து அவளை வணங்குகிறான். தன்னை வணங்காத அந்த உடம்பைப் பார்த்தே ராமன் தெரிந்துகொள்கிறான்: இவன் கண்டிருக்கிறான், அவள் நலமாக இருக்கிறாள், கற்பும் நன்று. சொல் வருவதற்குள் செய்தி முழுவதும் சேர்ந்துவிட்டது. அதனால்தான் ‘கண்டேன்’ முதலில் வந்தது சொல் சாமர்த்தியம் என்ற பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை.

புகையிலை விடு தூது விஷயத்தில் உங்களோடு சண்டை போடப் போவதில்லை. பழனி முருகனுக்குப் புகையிலையை அனுப்பும் அந்த நூலில் விளையாட்டுதான் அதிகம். தூது நூல்கள் பெரும்பாலும் அனுப்புகிறவரின் ஏக்கத்தைப் பாடுபவை. போனது திரும்பி வந்ததா, வழியில் என்ன பட்டது என்று அவை கேட்பதில்லை. தூது போனவரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தை எடுங்கள். 400 பாடல்களுக்கு மேல் ஓடும். சுந்தரரின் பாதி வாழ்க்கை அதற்குள்தான் இருக்கிறது. பரவை வீட்டுக்கு இரண்டாம் முறை போகும் பகுதியை மட்டும் முதலில் படித்துவிட்டு, அவள் இசைந்தது சரியா என்று உங்கள் கருத்தை எழுதுங்கள்.