ராஜுவின் புலியும் ஆடிட்டரின் தபாலும்

வணக்கம் ஐயா,

ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். நண்பர்களோடு சத்யம் என்ற ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்கு ஊழல் பற்றிப் பேச்சு வந்தது. மேலே இருப்பவர்கள் யோக்கியமாக இருந்தால் இப்படி நடக்காது, கல்லூரியிலேயே அறத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., கோவை

அன்புள்ள க.,

நானும் சிரித்தவர் கட்சிதான். நல்ல நிர்வாகத்துக்கென்று 2008இல் சத்யத்துக்கு விருதே கொடுத்தார்கள். அதன் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன் இருந்தார். பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்! 2008 டிசம்பர் 16 அன்று, சத்யத்தின் நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜுவின் குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்குச் சத்யம் வாங்கும் திட்டம் அந்தக் குழுவின் முன் வந்தது. ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். முதலீட்டாளர்கள் கொதித்த பிறகு, சில மணி நேரத்திலேயே அது கைவிடப்பட்டது.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, மோசடியை ஒப்புக்கொண்டு ராஜு எழுதிய கடிதம் வந்தது. கணக்கில் காட்டியிருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. செப்டம்பர் காலாண்டில் வருவாயில் 24 சதவீதம் என்று காட்டிய லாபம் உண்மையில் 3 சதவீதம். புலி மேல் ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார். பத்திரிகைகள் அந்த வரியைக் கொண்டாடின. எனக்கு அது எரிச்சல்தான். போலி இன்வாய்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. யாரோ சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார்கள். புலி அடிக்கவில்லை.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கணக்கில் இவ்வளவு இருப்பு உண்டா என்று கேட்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதத்தை ஆடிட்டர் வங்கிக்குத் தானே அனுப்பி, பதிலையும் தன் அலுவலகத்துக்கே வரவழைக்க வேண்டும். கம்பெனி ஆள் கொண்டுவந்து நீட்டும் தாள் செல்லாது. ஆடிட்டரிடம் ஆர்டிகிள்ஷிப் பயிற்சியில் இருக்கும் பையனுக்கும் தெரிந்த விதி இது. சத்யத்தின் எஃப்.டி.க்களில், அதாவது வங்கி நிரந்தர வைப்புகளில், இது ஒழுங்காக நடக்கவில்லை என்பதுதான் ஆடிட்டர்கள் மேல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி வைத்த முக்கியக் குற்றச்சாட்டு. விதிப்படி ஒரு வருடம் செய்திருந்தால் அந்த வருடமே குட்டு உடைந்திருக்கும். 2015 ஏப்ரலில் ராஜுவோடு இரண்டு ஆடிட்டர்களுக்கும் ஏழாண்டுத் தண்டனை விதித்தார்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது, அது வேறு கதை.

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளிலும் வேறு சில பெரிய கம்பெனிகளிலும் ஆடிட்டரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நீடிக்க விடுவதில்லை. பட்டியலிட்ட கம்பெனிகளில் ஊழியர் தேவைப்பட்டால் நேராக, இயக்குநர் குழுவில் கணக்கைக் கண்காணிக்கும் ஆடிட் கமிட்டியின் தலைவரிடமே புகார் சொல்லவும் வழி வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் நான் அறப் பாடத்துக்கு மேலாகவே வைப்பேன். யோக்கியர் வருவார் என்று காத்திருக்காத ஏற்பாடுகள் இவை.

உங்கள் கம்பெனியில் வங்கியின் பதில் முதலில் யார் மேசைக்கு வருகிறது? இந்த மார்ச் கணக்கு முடிக்கும்போது கவனித்துவிட்டு எழுதுங்கள்.