பழைய அலமாரியும் வெறுஞ்சுவரும்

அக்கா வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தாமான்ல டெரஸ் வீடு வாங்கிருக்கோம். என் வீட்டுக்காரிக்கு மினிமலிஸ்ட்டா, வெள்ளையா, காலியா இருக்கணும். அம்மாவுக்கு கிளாசிக்கா தூணு, பிளாஸ்டர் சீலிங்ல பூ, சுவர் பூரா வெயின்ஸ்கோட்டிங்ங்கிற அலங்காரப் பலகை. தோட்டத்துல இருந்தப்ப தாத்தா வாங்கின கண்ணாடி அலமாரி வேற கெடக்கு, அதுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு மிக்ஸ் பண்ணிரலாம்ங்கிறார் கொன்ட்ராக்டர். சரியா வருமா?

தம்பி, வரும். ஆனா அவர் சொல்ற மிக்ஸ் வேணாம். ஹால்ல பாதி தங்கக் கலர் பூவு, பாதி மொட்டைச் சுவருன்னு பண்ணிருவார், பாகப்பிரிவினை நடந்த வீடு மாதிரி இருக்கும்.

கிளாசிக்னா பூவேலைன்னு நெனச்சிக்கிறோம். கிரேக்கக் கோயில்ல இருந்து வந்த அந்த ஸ்டைல்ல அளவும் சமச்சீரும்தான் மொதல்ல, பூவெல்லாம் அப்புறம். மினிமலிசமும் அந்த அளவ நம்பித்தான் நிக்குது, மறைக்க ஒண்ணும் இல்லாததால கோடு லேசா கோணினாலும் பல்லிளிச்சிரும்.

வியன்னாவுல அடோல்ஃப் லூஸ்ங்கிற கட்டடக் கலைஞர் 1908ல செஞ்ச அமெரிக்கன் பார்ங்கிற மதுக்கடை படம் தேடிப் பாருங்க. அலங்காரம்னாலே குத்தம்னு பேசின மனுசன் அவர். மொத்த எடமே சுமாரா 27 சதுர மீட்டர்தான், உங்க ஹால் அளவு இருக்கும். ஆனா சீலிங் பழைய ரோமாபுரிக் கட்டடம் கணக்கா கட்டம் கட்டமா குழிஞ்ச மார்பிள், கீழ மகோகனி, கண் மட்டத்துக்கு மேல சுத்தி கண்ணாடி வச்சிருக்கார், அதுல சீலிங் அடுத்தடுத்த ரூமுக்கும் ஓடுற மாதிரி தெரியும். பூ செதுக்காமலே ஆடம்பரம்!

உங்க வீட்டுக்கு, சீலிங்கும் சுவரும் சேர்ற ஓரத்துல மெலிசா ஒரு கோர்னிஸ் பட்டை போதும். வெயின்ஸ்கோட்டிங் குளிர் தேசத்துக்காரன் குளிருக்கும் ஈரத்துக்கும் அடிச்ச பலகை, நம்ம ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப்ல (மர நார அழுத்திச் செஞ்ச பலகை) அடிச்சா ஊதிரும், அம்மா ஆசைக்கு ஒரே ஒரு சுவர்ல, அதுவும் சுவர் கலர்லயே பியூ (பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) பட்டை ஒட்டுங்க. தூணு வேணவே வேணாம், பத்தடி சீலிங்ல தூணும் குட்டையா தெரியும் வீடும் குட்டையா தெரியும்.

அலமாரிக்கு பெயிண்டா, அந்தப் பாவத்த பண்ணாதீங்க. துடைச்சு வார்னிஷ் குடுங்க. வாசல்ல நுழைஞ்சதும் நேரா தெரியற சுவருக்கு நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி காலியா விடுங்க, மேல காலண்டர், கல்யாண போட்டோ எதுவும் ஏறக்கூடாது (சண்டை வரப்போறது இங்கதான்).

சாப்பாட்டு மேசை வாங்கினா ரப்பர் கட்டையில வாங்குங்க. பால் வத்தின மரம், 25, 30 வருசத்துல வெட்டிருவாங்க, ஒரு காலத்துல வெறும் விறகு. வெளிர் நிறம், வெள்ளைச் சுவருக்கு எடுக்கும், கடைசல் கால் வச்சு எடுத்தா அம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மருந்து ஏத்தி காய வச்ச கட்டையான்னு மட்டும் கேட்டு வாங்கணும், இல்லன்னா பூச்சி அரிச்சிரும்.

கோர்னிஸ் அளவ கொன்ட்ராக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க, வாயால சொன்னா ரெண்டு இஞ்சு ஆறு இஞ்சா வந்து நிக்கும்.