11 சந்தா, ஏறி இறங்கும் வருமானம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: வணக்கம். வேலையை விட்டு 14 மாதம் ஆகிறது. அறிவியல் விளக்க வீடியோ, ஒரு பாட்காஸ்ட், வாரம் ஒரு மின்னஞ்சல் மடல், மூன்றையும் தனி ஆளாகச் செய்கிறேன். விளம்பரப் பங்கு, எப்போதாவது வரும் ஸ்பான்சர், மடலுக்குப் பணம் கட்டிப் படிப்பவர்கள், இவைதான் என் வருமானம். மென்பொருளுக்கு மட்டும் 11 சந்தா ஓடுகிறது. சராசரி மாத வருமானத்தை 100 என்று வைத்தால் அதில் 22 இதற்கே போகிறது. மோசமான மாதங்களில் வருமானம் 45க்கு இறங்கிவிடும், அப்போது மூச்சு முட்டுகிறது. இப்போது வீடியோ, ஒலி, எழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஏஐ தொகுப்பு வருடச் சந்தாவாக 40 சதவீதத் தள்ளுபடியில் வந்திருக்கிறது, இன்னும் 3 நாள்தான். கிரெடிட் கார்டில் தவணை போட்டு எடுத்துவிடலாமா? எடிட்டிங் மென்பொருளின் வருட ஒப்பந்தம் முடிய இன்னும் 2 மாதம் இருக்கிறது. சந்தாப் பட்டியலை இணைத்திருக்கிறேன். இந்தச் செலவை வரியில் கழிக்க முடியுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: எடுக்காதீர்கள். 3 நாளும் போகட்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தொல்லை தருவது 22 என்ற எண் இல்லை. வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, சந்தா மட்டும் இறங்காமல் அப்படியே நிற்கிறது, சிக்கல் அங்கே. நல்ல மாதத்தில் 100க்கு 22 போனால் கண்ணுக்கே தெரியாது, அதே 22 வற்றிய மாதத்தின் 45இல் பாதியைத் தின்றுவிடும். மாதச் சம்பளக்காரருக்குச் சராசரியை வைத்துத் திட்டம் போட்டால் போதும், உங்களைப் போன்றவர்களுக்கு அது ஆபத்து. கடந்த 14 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களை எடுத்து, அவற்றின் சராசரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரச் சந்தாவுக்குப் போகக்கூடாது என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் அது 9. இது சட்டம் ஒன்றும் இல்லை, ஏறி இறங்கும் வருமானம் உள்ளவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் எனக்குக் கைகொடுத்த அளவு. 22ஐ 9க்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நீங்கள் அனுப்பிய பட்டியலை அதே அளவில் எழுதிப் பார்த்தேன். எடிட்டிங் 5, பின்னணி இசை 3, ஸ்டாக் வீடியோ (விலைக்குக் கிடைக்கும் ஆயத்தக் காட்சிகள்) 3, ஒலி சுத்தம் செய்யும் கருவி 2, வசன வரி எழுதும் கருவி 2, மடல் அனுப்பும் சேவை 2, அப்புறம் தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) வடிவமைப்பு, கிளவுட் சேமிப்பு, பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் கருவி, வேலைப் பட்டியல் செயலி, எழுத உதவும் ஏஐ ஆகியவை தலா 1.

எடிட்டிங்கில் தொடங்குகிறேன், பெரிய ஓட்டை அதுதான். எடிட்டிங் மென்பொருள் செய்யும் அடோபி நிறுவனம் 2013இல் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்கு விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறிய பிறகு, மாதாமாதம் கட்டுவதுதான் இந்தத் தொழிலின் இயல்பு என்று பலரும் நம்பிவிட்டார்கள். உங்கள் தேவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 60 பிரேம் வரை வெளியே எடுத்துத் தருகிறது. ஒலிக் கலவைக்கான பகுதியும் வண்ணத் திருத்தமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஸ்டூடியோ பதிப்பை ஒருமுறை பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம், நல்ல ஸ்பான்சர் வந்த மாதத்தில் செய்ய வேண்டிய செலவு அது. கணினி பழையதாக இருந்தால் ரிசால்வ் திணறும், அப்போது கேடென்லைவ் அல்லது ஷாட்கட் பாருங்கள், இரண்டும் திறந்த மூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்), இலவசம். ஆனால் கற்றுக்கொள்ளும் நேரமும் செலவுதான், அதை நான் மறைக்கவில்லை. புதிய மென்பொருளில் முதல் இரண்டு மூன்று வீடியோ கையை இழுக்கும், எரிச்சல் வரும். அதனால்தான் பழையது ஓடிக்கொண்டிருக்கும் இந்த 2 மாதத்துக்குள் மாறச் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மாதச் சந்தா, வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுவது, வருட ஒப்பந்தத்தை மாதாமாதம் கட்டுவது, இவை மூன்றும் வேறு வேறு. மூன்றாவது, பார்க்க மாதச் சந்தா போலவே இருக்கும், நடுவில் விட்டால்தான் அபராதம் தெரியும். அடோபியின் அந்த வகைத் திட்டத்தில் 14 நாளுக்குப் பிறகு விட்டால் மீதி ஒப்பந்தத் தொகையில் பாதியைக் கேட்பார்கள் என்பதும், அது சேரும்போது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதும்தான் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியின் பரிந்துரையில் 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மேல் போடப்பட்ட வழக்கின் சாரம். உங்களுடையதும் வருட ஒப்பந்தம்தான், இப்போது அவசரப்பட்டு விடாதீர்கள். முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, தானாகப் புதுப்பிப்பதை மட்டும் முன்கூட்டியே நிறுத்த வழி இருக்கிறதா என்று கணக்குப் பக்கத்தில் பாருங்கள்.

இதே கண்ணோடு அந்த 40 சதவீதத் தள்ளுபடியைப் பார்ப்போம். 12 மாதத்துக்கு 40 சதவீதம் கழித்தால் 7.2 மாதத்தின் விலை. அதாவது அந்தக் கருவியை 8 மாதமாவது உருப்படியாகப் பயன்படுத்தினால்தான் லாபம், 5 மாதத்தில் சலித்துவிட்டால் மாதச் சந்தாவை விட அதிகம் கட்டியிருப்பீர்கள். ஏஐ கருவிகளில் இது இன்னும் மோசம், இன்று சிறந்ததாக இருப்பது ஆறு மாதத்தில் பின்தங்கிவிடலாம், அல்லது அதே வேலையை நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மென்பொருளே செய்யத் தொடங்கிவிடலாம். அதோடு கார்டுத் தவணைக்கு வட்டியும் சேவைக் கட்டணமும் சேர்ந்தால் தள்ளுபடியில் ஒரு பகுதி வங்கிக்குப் போய்விடும். கடன் வாங்கி வருடச் சந்தா கட்டுவது, ஏற்கெனவே நிலையாக நிற்கும் செலவின் மேல் இன்னொரு நிலையான செலவை அடுக்குவது. வருடச் சந்தா எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கருவியைக் கடந்த 6 மாதமும் வாரந்தோறும் திறந்திருக்கிறீர்கள், அதை விட்டுப் போகும் எண்ணமும் இல்லை, கையில் பணமும் இருக்கிறது, அப்போது தாராளமாக எடுங்கள்.

அந்தத் தொகுப்பு வாரத்துக்கு 6 மணி நேரம் மிச்சப்படுத்தும் என்று அதன் விளம்பரத்தில் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த 6 மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்? கூடுதலாக ஒரு வீடியோவா, ஸ்பான்சரோடு பேச்சா, நல்ல தூக்கமா, மூன்றில் எதுவானாலும் எனக்குச் சம்மதம், தூக்கத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த நேரம் இன்னொரு கருவியைக் கற்றுக்கொள்வதிலேயே கரைந்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. ஒரு வீடியோ முடிக்க எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இரண்டு வீடியோவுக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். எது அதிகம் இழுக்கிறதோ அந்த ஒரு இடத்துக்குப் பணம் கட்டுங்கள். உங்கள் விஷயத்தில் அது ஆராய்ச்சியும் எழுத்தும்தான் என்று படுகிறது. அதற்கு எந்தச் சந்தாவும் பெரிதாக உதவாது.

வசன வரிக்கு ஓபன்ஏஐ 2022இல் திறந்த மூலமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் இருக்கிறது, சொந்தக் கணினியிலேயே ஓடும், சந்தா இல்லை. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் தப்பு கூடுதலாக வரும், கையால் திருத்தத்தான் வேண்டும், ஆனால் இப்போது பணம் கட்டும் கருவியின் எழுத்தையும் உட்கார்ந்து திருத்துகிறேன் என்றுதானே சொல்கிறீர்கள். ஒலி சுத்தம் செய்ய ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளும் ரிசால்வின் ஒலிப் பகுதியும் பாட்காஸ்டுக்குப் போதும். நேரம் குறித்து வெளியிடும் வசதி யூடியூபிலேயே இருக்கிறது. வேலைப் பட்டியலுக்கு ஒரு விரிதாள் போதும், ஒரே ஆள் வேலை செய்யும் இடத்தில் குழுவுக்கான செயலி எதற்கு? இந்த நான்கிலும் சேர்ந்து 6 மிச்சம்.

ஸ்டாக் வீடியோவை வேண்டிய மாதத்தில் மட்டும் எடுங்கள். அடுத்த மூன்று வீடியோவுக்கான காட்சிகளை முன்கூட்டியே திட்டமிட்டு, ஒரு மாதம் சந்தா போட்டு, இறக்கிக்கொண்டு நிறுத்திவிடலாம், ஆனால் சந்தா முடிந்த பிறகு புதிய வீடியோவில் அவற்றைப் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறதா என்று முதலில் படியுங்கள். சாதாரணக் காட்சிகளுக்கு பெக்செல்ஸ், பிக்ஸாபே என்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. இசைக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கூடுதலாக. பல இசை நூலகங்களில் சந்தா இருந்தபோது வெளியிட்ட வீடியோவுக்குப் பாதுகாப்பு தொடரும், நிறுத்திய பிறகு அதே பாட்டைப் புதிய வீடியோவில் போட்டால் உரிமைக் கோரல் வந்து அந்த வீடியோவின் வருமானம் வேறு கைக்குப் போகலாம். உங்கள் வருமானத்தின் முதுகெலும்பு விளம்பரப் பங்கு, நீள வீடியோக்களில் விளம்பர வருமானத்தின் 55 சதவீதம் உங்களுக்கு வருகிறது, அதைப் பணயம் வைத்து இதில் 3 மிச்சம் பிடிக்க வேண்டாம். யூடியூபின் இலவச ஒலி நூலகத்தில் உங்களுக்கு ஒத்துவரும் இசை கிடைக்கிறதா என்று பொறுமையாகத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்வரை இந்தச் சந்தா இருக்கட்டும்.

கிளவுட் சேமிப்பைத் தொடவே வேண்டாம். ஒரே பொருளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது புகைப்படக்காரர்கள் பழக்கத்தில் கொண்டுவந்த விதி, கோப்புகளை வைத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். வன்தட்டு ஒன்று போனால் 14 மாத உழைப்பும் போகும். வெளி வன்தட்டு ஒன்று ஒருமுறைச் செலவு, அதை இந்த ஆண்டுக்குள் வாங்கிவிடுங்கள். முடிந்த வீடியோவின் மூலக் காட்சிகளை எத்தனை மாதம் வைத்திருப்பது என்றும் ஒரு முடிவு எடுங்கள், இல்லாவிட்டால் கிளவுட் சந்தா வருடாவருடம் ஒரு படி மேலே ஏறிக்கொண்டே போகும்.

மடல் சேவை தனிக் கதை. உங்களுடையது வாசகர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவது, இலவச வாசகர் கூடினாலும் கட்டணம் ஏறும், வருமானம் ஏறாது. ஆறு மாதமாகத் திறக்காத முகவரிகளுக்கு ஒரு கடைசி மடல் அனுப்பிவிட்டுப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள், ஒரு படி கீழே இறங்கலாம். சப்ஸ்டாக் என்ற மடல் தளம் மாதிரி, வாசகர் கட்டும் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. உங்கள் நிலையான கட்டணம் 2 என்பதால், மடலில் இருந்து மாதம் 20க்குக் கீழே வந்தால் பங்கு முறை மலிவு, 20க்கு மேலே போனால் நிலையான கட்டணம் மலிவு (கார்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இரண்டிலும் தனி). நீங்கள் சொன்ன கணக்குப்படி மடலில் 12தான் வருகிறது. வருமானம் குறைந்தால் தானும் குறையும் செலவு உங்கள் நிலைமைக்கு நல்லது, அதனால் மாறுவதை யோசிக்கலாம். மாறினாலும் மாறாவிட்டாலும் மாதம் ஒருமுறை வாசகர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய அட்டவணை) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் சொத்து.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வாடிக்கையாளர் குறிப்புகளை நான் சில வருடங்கள் ஒரு செயலியில் எழுதி வந்தேன், அந்த நிறுவனம் மூடப்போவதாக ஒரு மாத அவகாசம் கொடுத்தது, வெளியே எடுத்தால் தேதியும் தலைப்பும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் வந்தது. மூன்று வாரம் இரவு உட்கார்ந்து சரிசெய்தேன். பெரிய பெயர்களுக்கும் இது நடக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக்கோடு சேர்ந்து கேப்கட் என்ற வீடியோ எடிட்டிங் செயலியும் இரவோடு இரவாக நின்றுபோனது, சில நாளில் திரும்பி வந்தாலும் அதற்குள் பாதி முடித்த வேலையை வைத்துக்கொண்டு தவித்தவர்கள் நிறைய. அதனால் எந்தக் கருவியில் பணம் கட்டுவதற்கு முன்னும், விட்டுப் போனால் என் கோப்புகள் எந்த வடிவத்தில் என்னோடு வரும் என்று கேளுங்கள், முதல் நாளிலேயே ஒரு கோப்பை வெளியே எடுத்து வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். இந்தச் சோதனைக்கு 20 நிமிடம் ஆகும்.

வரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொழிலுக்கான மென்பொருளைச் செலவாகக் காட்ட முடிகிற இடத்தில் ரசீதுகளை எல்லாம் ஒரே கோப்புறையில் சேருங்கள், விவரத்தை உங்கள் கணக்காளர் சொல்வார். ஆனால் வரி கழியும் என்பதற்காக வாங்காதீர்கள். வரி விகிதம் 20 சதவீதம் என்றால் 100 செலவழித்து 20 மிச்சம், மீதி 80 போனதுதான்.

சரி, இப்போது கூட்டிப் பாருங்கள். இசை 3, மடல் 2, கிளவுட் 1, தம்ப்நெயில் 1, எழுத உதவும் ஏஐ 1, மொத்தம் 8. எல்லைக்குள் வந்துவிட்டீர்கள், ஸ்டாக் வீடியோவை எப்போதாவது ஒரு மாதம் எடுத்தால் அந்த மாதம் மட்டும் 11. இவை எல்லாவற்றையும் தனி வங்கிக் கணக்கின் ஒரே கார்டில் போடுங்கள், அந்தக் கணக்கில் மாதம் 9க்கு மேல் வைக்காதீர்கள், ஸ்டாக் எடுக்கும் மாதத்தில் மட்டும் நீங்களே யோசித்துக் கூடுதலாகப் போடுங்கள். யூடியூப் பணம் வழக்கமாக அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள் வரும், சந்தா தேதிகளை முடிந்தவரை 27க்குப் பிறகு தள்ளிவிட்டால் கையில் பணம் இல்லாத நேரத்தில் கார்டு கடிக்காது.

இந்த வாரம் நான்கு சின்னக் கருவிகளை நிறுத்துங்கள். அடுத்த வீடியோவை முழுக்க ரிசால்வில் செய்யுங்கள், அவசரம் இல்லாத தலைப்பாகப் பார்த்து. பழைய எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் முக்கியமான திட்டங்களை எக்ஸ்எம்எல் ஆக (வெட்டிய வரிசையை வேறு மென்பொருளிலும் திறக்க உதவும் கோப்பு) எடுத்து வையுங்கள், எழுத்துத் தலைப்புகளும் எஃபெக்டுகளும் அதில் சரியாக வராது, அதனால் முடிந்த வீடியோக்களை உயர்ந்த தரத்தில் ஒரு முழுப் பிரதியாகவும் வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டாவது மாதத்தின் நடுவிலும் ரிசால்வ் கைக்கு வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், ஒப்பந்தம் புதுப்பாகும் தேதிக்கு முன்னால் வேறு வழி பார்ப்போம்.