இதயம் நன்றாக இருக்கிறது. அந்த மாத்திரை அட்டைதான் என் கவலை

கேள்வி: வயது 23. காரைக்குடியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். அமெரிக்காவில் பிஎச்.டி.க்காக எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பரில் விண்ணப்பித்தேன். இரண்டு இடங்களில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆறு இடங்களிலிருந்து மார்ச் பிறந்தும் பதிலே இல்லை. நெஞ்சு படபடக்கிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. கை நடுங்குகிறது. முடி கொத்தாகக் கொட்டுகிறது. மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போனது. ஈசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் இணையத்தில் தேடினால் இதய வால்வு நோய், நரம்பு நோய் என்று வருகிறது. விடியற்காலை நான்கு மணி வரை தூக்கமில்லை. பொங்கலிலிருந்து அப்பத்தாவின் தூக்க மாத்திரையில் தினமும் ஒன்று போடுகிறேன். இப்போது அதுவும் கேட்பதில்லை, சில நாள் இரண்டு. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மனநல மருத்துவரிடம் போனால் விசாவுக்கும் கல்யாணத்துக்கும் இடைஞ்சல் வருமா? சில ராத்திரிகளில், காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. அது பரவாயில்லை, இதயத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: இதயத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். ஓடும்போதோ படியேறும்போதோ மயங்கி விழுந்ததாக நீங்கள் எழுதவில்லை. வீட்டில் யாரும் இளவயதில் திடீரென்று இறந்ததாகவும் எழுதவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், எக்கோ எடுப்போம். இல்லையென்றால் வேண்டாம்.

இப்போது, "பரவாயில்லை" என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த வரிக்கு வருகிறேன். எனக்கு அது பரவாயில்லை என்று படவில்லை. இத்தனை தொல்லைகளையும் வரிசையாக எழுதிவிட்டு, போகிற போக்கில் அதைச் சொல்லி, உடனே மூடியும் வைத்திருக்கிறீர்கள். நோயாளிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார்கள். வந்த காரியத்தைக் கதவருகில் போய் நின்றுகொண்டு சொல்வார்கள்.

நேரில் இருந்தால் நான் நேராகவே கேட்பேன், ஆகையால் இங்கேயும் கேட்கிறேன். அந்த எண்ணம் வாரத்தில் எத்தனை ராத்திரி வருகிறது? வந்துவிட்டுப் போகிறதா, நின்று பேசுகிறதா? "எழுந்திருக்காமல் போனால் நல்லது" என்பதோடு நிற்கிறதா, நாமே ஏதாவது செய்துகொண்டால் என்ன என்பது வரைக்கும் போயிருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று வீடுகளில் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டவுடன் அப்பாடா என்று அழுதுவிட்டுப் பேச ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம்.

களைத்துப்போன மனசுக்கு இப்படி ஒரு எண்ணம் வருவது அபூர்வம் இல்லை. அது வந்ததாலேயே உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. ஆனால் அந்த எண்ணமும், வாரக்கணக்கில் கெட்ட தூக்கமும், கைக்கெட்டும் தூரத்தில் தூக்க மாத்திரையும் ஒரே அறையில் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காதது இந்தக் கூட்டணிதான். தூக்கம் கெட்டால் எண்ணம் கறுக்கும். மாத்திரையோ பதட்டத்தைக் குறைப்பதோடு நிற்காது. சிலருக்குத் தயக்கத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். பகலில் செய்யத் துணியாததை அந்த மயக்கத்தில் செய்துவிட்டவர்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

அதனால் இன்றைக்கே இரண்டு காரியம். முதலாவது, வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆத்தாவோ, அப்பச்சியோ, அக்காவோ, யார் திட்டாமல் காது கொடுப்பாரோ அவரிடம். "எனக்குச் சில ராத்திரி உசுரோட இருக்கவே வேணாம்னு தோணுது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்று பூசி மெழுகினால், காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இரண்டாவது, அந்த மாத்திரை அட்டையை முழுதாக அவர் கையில் கொடுங்கள். அவர் பூட்டி வைத்து, ராத்திரிக்கு உள்ள ஒன்றை மட்டும் எடுத்துத் தரட்டும். இரண்டு என்பது கூடவே கூடாது.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லையென்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணும் உண்டு. எண்ணம் திட்டமாக மாறுகிறது என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். அப்போதே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும், 108-ஐக் கூப்பிட்டாவது. விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை.

ராத்திரிக்கு ஒன்று தரட்டும் என்றேனே, நான் ஏன் உடனே நிறுத்தச் சொல்லவில்லை? மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. வயதானவர்களுக்கு நம் பக்கம் எழுதித் தருவது பெரும்பாலும் அல்பிரசோலம் அல்லது குளோனசெபம். இந்த வகையைத் தினமும் சில வாரம் போட்டாலே உடம்பு பழகிக்கொள்ளும். "கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்தப் பழக்கத்தின் முதல் அடையாளம். அல்பிரசோலம் என்றால் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் பாதி வடிந்துவிடும். மறுநாள் மத்தியானம் படபடப்பும் நடுக்கமும் வருவதில், பல்கலைக்கழகம் பதில் போடாததற்குப் பாதிப் பங்கு என்றால் மாத்திரை இறங்குவதற்கு மீதிப் பங்கு. இதை வீம்புக்கு ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும். சிலருக்கு வலிப்புகூட வரும். அளவைப் படிப்படியாகக் குறைத்து இறக்க வேண்டும், மருத்துவர் மேற்பார்வையில். இரண்டு நாளுக்குள் யாரையாவது பாருங்கள். அதுவரை இருமல் மருந்து, சளி மாத்திரை, வேறு எதையும் இதோடு சேர்க்காதீர்கள்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. பொங்கலிலிருந்து தினமும் ஒன்று குறைகிறதே, அப்பத்தா கணக்கு கேட்கவில்லையா? ஒன்று, அவர் தன் மாத்திரையைப் போடாமலே இருக்கிறார். அல்லது கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிக் குவித்து வைத்திருக்கிறீர்கள். அல்பிரசோலம் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது; விற்றால் யார் எழுதியது, யாருக்கு என்று கடைக்காரர் பதிவேட்டில் ஏற்றி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நடைமுறை என்ன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பத்தாவையும் ஒருமுறை காட்டுங்கள். அந்த வயதில் இந்த மாத்திரையோடு ராத்திரி எழுந்து முற்றத்துப் படியில் கால் தவறினால் இடுப்பெலும்பு போய்விடும்.

மற்றவை. விரலும் உதடும் மரத்துப்போவது, பதட்டத்தில் நீங்கள் அறியாமலே வேகமாக மூச்சு விடுவதால். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அவ்வளவுதான். மூச்சை வெளியே விடும் நேரத்தை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட நீட்டினால் சில நிமிடங்களில் அடங்கும். முடி, பெரிய மன அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். இன்று கொட்டுவது டிசம்பர் மாத முடி. தானே முளைக்கும், எண்ணெய்க்குக் காசைக் கொட்டாதீர்கள். மாதவிலக்கு பத்து நாள் தள்ளியதை விடுங்கள், மூன்று மாதம் வராவிட்டால் வாருங்கள். எத்தனை காபி என்று எழுதவில்லை, ஆனால் நான்கு மணி வரை விழித்திருப்பவர் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் காபி, டீ வேண்டாம். அறிகுறியைக் கூகுளில் தட்டுவதை இன்றோடு விடுங்கள். "கை மரத்தல்" என்று தட்டினால் உலகத்தில் உள்ள கொடிய நோய்களையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டும். உங்கள் வயது என்ன, ஈசிஜி எப்படி என்று அது ஒருநாளும் கேட்காது.

இனி அந்த நான்கு மணி. நீங்கள் ஏன் விழித்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு ஏழரை. அங்கே அலுவலகம் மூடும் 5 மணி இங்கே அதிகாலை மூன்றரை. மேற்குக் கரை இன்னும் மூன்று மணி நேரம் தள்ளி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதும் நமக்கு எல்லாம் ஒரு மணி முந்தும். அவர்கள் வேலை நேரம் முழுவதும் நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு காவல் இருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை திறந்து பார்க்கும்போதும் "வரவில்லை" என்று அரை நிமிடம் நிம்மதி, அப்புறம் முன்னைவிட அதிகமாக அரிப்பு. சொறியச் சொறியப் படை பெருகுவது மாதிரி. கட்டுப்படுத்த வேண்டியது அந்தக் கையை.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். காலை 8 மணிக்கு நீங்கள் மெயிலைத் திறந்தால் இரண்டு கரையிலும் அலுவலகம் மூடியிருக்கும். அன்று வர வேண்டியது ஏறக்குறைய எல்லாம் வந்திருக்கும். ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், ஒன்றும் தவறிப்போகாது. ஞாயிறும் திங்களும் காலையில் அதுவும் வேண்டாம், அங்கே சனியும் ஞாயிறும் முடிந்திருக்கும். ராத்திரி போனை முகப்பில் சார்ஜில் போட்டுவிட்டு, நீங்கள் உள்கட்டில் படுங்கள். முதல் ஐந்தாறு நாள் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறரைக்கு எழுந்து வெயிலில் நடங்கள். பகலில் படுக்காதீர்கள். நண்பர்கள் குழுவில் ஒருவருக்குக் கிடைத்தது என்று செய்தி வந்தால், உங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் அங்கே நடைமுறை வேறு. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு தீர்மானம் உண்டு. உதவித்தொகையோடு இடம் கொடுத்தால், ஏப்ரல் 15 வரை யோசிக்க மாணவருக்கு அவகாசம் தர வேண்டும். இரண்டு மூன்று இடம் கிடைத்தவர்கள் அந்தத் தேதிவரை பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டாததைக் கடைசியில் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் காத்திருப்புப் பட்டியல் நகரும். மார்ச்சில் மௌனம் என்பது மறுப்பு ஆகாது. அதே தீர்மானத்தால் உங்களுக்கும் ஒரு லாபம்: அப்படி ஓர் இடம் ராத்திரி மூன்று மணிக்கு வந்தாலும் அப்போதே பதில் போட வேண்டியதில்லை.

ஆறும் இல்லை என்று வந்தால்? இந்தக் கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அதற்கு இன்றைக்கே ஒரு தாளில் பதில் எழுதி வையுங்கள், மனசு கலங்கியிருக்கும் அன்றைக்கு யோசிக்க வராது. காரைக்குடியில் படித்த உங்களுக்கு செக்ரி இருக்கும் இடத்தை நான் சொல்ல வேண்டாம். 1948-இல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வேதியியல் படித்தவர்கள் வெளியூரிலிருந்து தேடி வரும் இடம். நெட் தேர்வு இருக்கிறது, கேட் தேர்வு இருக்கிறது, அடுத்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பமும் இருக்கிறது. விண்ணப்பத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை. மருத்துவராகச் சொல்கிறேன், இரண்டாவது வழியைத் தாளில் பார்த்தவர்களுக்கு ராத்திரி மூச்சு கொஞ்சம் இறங்குகிறது.

பங்காளி வீட்டு விசேஷங்களில் "அமெரிக்கா என்னாச்சு, வந்திருச்சா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை ஆத்தாவிடம் விடுங்கள். "ஏப்ரல் கடைசியிலதான் தெரியும், நாங்களே சொல்றோம்" என்று அவர் ஒருமுறை அழுத்திச் சொன்னால் போதும். நீங்கள் பந்திக்கு உட்காரலாம்.

விசா பயம் தேவையற்றது. மாணவர் விசாவுக்கு வழக்கமாக மருத்துவப் பரிசோதனையே கேட்பதில்லை. பதட்டத்துக்கு ஆலோசனை பெற்றது தடையும் ஆகாது. அங்கே பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்கு ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக்கூடாது. கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சர்க்கரைக்கு மாத்திரை போடும் மாப்பிள்ளைகளும் பேசி முடிக்கப்படுகிறார்கள். தேவகோட்டையில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்த பரிசோதனைகளையும் கொண்டுபோங்கள்.

மனநல மருத்துவர் உங்களிடம் பசி, அழுகை, எதிலும் விருப்பமின்மை பற்றிக் கேட்பார். இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நாட்கள் அப்படி இருக்கிறது என்றால், காத்திருக்கும் பதட்டத்தைத் தாண்டி அது மனச்சோர்வு நோயாகியிருக்கலாம். அதற்கு வேறு வகை மாத்திரை தருவார். அது வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். தொடக்கத்தில் பதட்டமோ அந்த எண்ணமோ கூடினால் அன்றே அவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை மாதிரி இது ஏங்க வைக்காது, ஆனாலும் நிறுத்துவது அவர் சொல்லித்தான்.